மாசி மகத்துக்கு ஒரு பரங்கிக்காய்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ராட்சதக் காய்களை விதையிலிருந்து எப்போது, எப்படித் தொடங்குவது என்று ஒரு பத்திரிகையின் விவசாயப் பக்கத்துக்கு நானூறு சொல்லில் கட்டுரை கேட்டிருந்தார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சில் களிமண் கரைசல் ஊற்றும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தெய்வநாயகம், ஒரு காலத்தில் முப்பத்தேழு கிலோவுக்குப் பரங்கிக்காய் விளைவித்தவர் என்று சொன்னார்கள். அவரைப் பார்க்கப் போனேன். கட்டுரை இன்னும் போய்ச் சேரவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: "விருத்தாசலம் சந்திப்பில் ரயில் நின்றபோது ஈரக் களிமண் வாசனை…" வேண்டாம். நான் போனது பஸ்ஸில். வந்தது டீசல் வாசனை.

2

எப்போது என்று கேட்டால் தெய்வநாயகம் காலண்டரைப் பின்னாலிருந்து புரட்டுகிறார். அவருக்கு மாசி மகத்தன்று காய் அறுக்க வேண்டும். அங்கிருந்து நூற்றைந்து நாள் பின்னால் வந்தால் கார்த்திகை முதல் வாரம். அப்போது அடைமழை. தரையில் ஊன்றினால் விதை அழுகிவிடும். அதனால் தொட்டியில், கூரைக்கு அடியில் தொடங்குகிறார். விதையின் விளிம்பை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கூர்முனை கீழே பார்க்க ஒரு விரல்கணு ஆழத்தில் வைக்கிறார். முளைக்கச் சூடு வேண்டும்.

(இந்த ஊரில் மட்டும் நடக்கக்கூடிய தவறு: சூடுதானே என்று முதல் மூன்று தொட்டிகளைத் தெரிந்த ஒருவரின் பீங்கான் சூளைத் தலையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். விதை முளைக்கவில்லை, வறுபட்டது. "உப்புப் போட்டிருந்தா தின்னுருக்கலாம் சார்" என்றார்.)

மூன்றாம் இலை வந்ததும், மழை விட்ட நாளாகப் பார்த்து எருக்குழிக்கு மாற்ற வேண்டும். கொடிக்கு ஒரே காய். மற்றப் பிஞ்சையெல்லாம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிட வேண்டும்.

கட்டுரை இங்கே முடிந்திருக்கும். அந்த முப்பத்தேழு கிலோக் காயின் விதைதானா இது என்று கேட்டது என் தவறு.

3

"ஆமாங்க, நம்ம காயி வெததான்" என்றார் தெய்வநாயகம்.

"உங்க காயில ஏது வெத? களிமண்ணுல்ல இருந்துது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் மனைவி அருக்காணி.

"பத்திரிகைக்காரரு வந்துருக்காருடி!"

"வரட்டும். டீ குடுத்தாச்சு, உண்மையையும் குடுத்துடுங்க."

4

கம்பெனி குடியிருப்பில் தெய்வநாயகமும் திருமாலும் பக்கத்துப் பக்கத்து வீடு. பக்கத்துப் பக்கத்து அச்சு மேசை. சங்கு ஊதியதும் இருவரும் கைமண் கழுவாமல் கொடியைப் பார்க்க ஓடுவார்கள். மகத்துக்கு முந்தின நாள் களிமண் நிறுக்கும் தராசில் காயை ஏற்றுவார்கள். பிள்ளைகள் காய்மேல் உட்கார அடித்துக்கொள்ளும். தோற்றவர் காயைக் குடியிருப்பு முழுக்கக் கூறுபோடுவார்கள். ஜெயித்தவர் மறுநாள் மகத்தன்று தன் காயை அறுத்து, தோற்றவர் கையில் விதை கொடுப்பார். அதுதான் அவர்கள் வழக்கம்.

ஏழு வருடம் திருமால்தான் ஜெயித்தார். எட்டாம் வருடம் திருமாலின் காய் முப்பத்துநாலு கிலோ. தெய்வநாயகத்தின் காய் இருபத்தொன்பது. நிறுப்பதற்கு முன், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தெய்வநாயகம் தன் காயின் அடியில் ஒரு துண்டு வெட்டி, அச்சில் ஊற்ற வைத்திருந்த களிமண் கரைசலை உள்ளே ஊற்றினார். துண்டைத் திரும்பப் பொருத்தி ஈரமண்ணால் பூசினார். அச்சு வேலைக்காரர் பூசினால் விளிம்பு தெரியுமா?

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. நண்பனை ஏமாற்றுகிற முகமாக இல்லை. வலுவான காரணம் ஒன்றைக் கற்பனையில் தேடினேன். தங்கை கல்யாணம்… மேலதிகாரியின் சவால்… எதுவும் ஒட்டவில்லை.

"ஒரே ஒரு தடவ ஜெயிக்கணும்னு இருந்துச்சு சார்" என்றார். அவ்வளவுதான்.

தராசு முப்பத்தேழு காட்டி, ஜெயித்த பிறகுதான் உறைத்தது. அறுத்தால் மண் கொட்டும். வேண்டுதல் என்று சொல்லிக் காயை மணிமுத்தாற்றில் விட்டார். விதை கேட்ட திருமாலுக்குச் சந்தைக் காயின் விதையைக் கொடுத்தார். ஜெயித்த காயின் விதை என்று நம்பித் திருமால் அதையே பிள்ளைபோல் வளர்த்தார். தேங்காய் அளவுக்கு மேல் காய்க்கவில்லை. மறுவருடமும் அதே. தன் கை ராசி போய்விட்டது என்று முடிவுகட்டி மண்வெட்டியைத் தூக்கிப் போட்டார். இருபத்தாறு வருடமாகிறது. இப்போது திட்டக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒரு கீரைப்பாத்திகூடப் போடுவதில்லை.

அன்று கூறுபோட்ட திருமாலின் காயில் தன் பங்கிலிருந்த விதைகளை அருக்காணி துணி துவைக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் போட்டு, வருடா வருடம் காய்த்ததிலிருந்து விதை எடுத்து வைத்து வந்திருக்கிறார். "இது திருமாலு அண்ணன் வூட்டுக் காயி. நம்மளது இல்ல" என்றார்.

5

நான் இருக்கும்போதே திருமால் போனில் வந்தார். "என்னடா, கொடி கட்டிலுக்குள்ள பூந்துருச்சா?"

"மகத்துக்கு வாடா. வெத வச்சிருக்கேன்."

"எனக்கெதுக்குடா? நான் தொட்டா துளிர்த்ததும் கருகிப் போவும்" என்று அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

போனை வைத்த தெய்வநாயகம் என்னைப் பார்த்தார். "பேர மாத்திக் கதையாப் போட்டுடுங்க சார். அவன் பேப்பர்ல ஒரு வரி விடாமப் படிப்பான். அவனுக்கு மட்டும் புரியும்."

"நீங்களே சொல்லலாமே?"

"வாய் வரைக்கும் வருது. அதுக்குள்ள அவன் சிரிச்சுடுறான்."

6

முடிவு ஒன்று: அருக்காணி சொல்லிவிடுகிறார். (அவர் மறுத்துவிட்டார். "ஊத்துனவருதான் சொல்லணும்.")

முடிவு இரண்டு: திருமாலுக்கு எல்லாம் முன்பே தெரியும், மன்னித்தும்விட்டார். எழுதி, அடித்துவிட்டேன். தெரிந்திருந்தால் அந்த மனிதர் இத்தனை வருடம் மண்ணைத் தொடாமல் இருந்திருப்பாரா?

முடிவு மூன்று: தெய்வநாயகம் கத்தியை எடுத்து,

இதற்கு மேல் எழுத வரவில்லை. இப்போது தை கடைசி. காய் தவலை அளவுக்கு வந்து வைக்கோல்மேல் படுத்திருக்கிறது. மகம் இன்னும் வரவில்லை.

ஆகவே முடிவை வாசிப்பவரிடம் விடுகிறேன். எல்லாரிடமும் அல்ல, ஒருவரிடம். ஐயா, உங்கள் பெயர் திருமால் இல்லை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. அன்று ஜெயித்ததும் நீங்கள்தான். மகத்தன்று முதல் பஸ்ஸில் வாருங்கள். அவர் கத்தியை உங்களிடம் நீட்டுவார். பிறகு தொண்டையைச் செருமுவார்.

அப்போது மட்டும் சிரித்துவிடாதீர்கள்.