மூச்சு விடாத குரல்

1

இந்தக் கதை ஒரு விளக்கக் கடிதமாகத்தான் பிறந்தது. என் அக்காவிடம் அவள் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலைக்குள் மேலாளருக்குப் போயாக வேண்டும். "வீட்ல ஒரு எழுத்தாளனை வெச்சு சோறு போட்டுக்கிட்டிருக்கேன், ஒரு லெட்டருக்காவது உதவ மாட்டியா?" என்றாள். உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தேன். அடுத்த பத்தியிலேயே கடிதம் கைமீறிப் போய்விட்டது. நான் எழுதினால் எதுவும் கதையாகிவிடும். சாமான் சீட்டு எழுதச் சொன்னால்கூட உப்புக்கு ஒரு சோகப் பின்னணி வைத்துவிடுவேன்.

குற்றச்சாட்டு இதுதான். அலுவலகம் எல்லோருடைய லேப்டாப்பிலும் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டது. அக்கா அதைத் துடைத்தெடுத்துவிட்டுப் பழையதையே திரும்பப் போட்டுக்கொண்டாள். விதிப்படி குற்றம். கூட இருந்து கை கொடுத்தவன் நான். அவளுக்கு வருத்தம் இல்லை, எனக்கும் இல்லை. கடைசியில் இவர்கள் திருந்திவிடுவார்கள் என்று யாரும் காத்திருக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்:

இருள் சூழ்ந்த அவள் உலகில் ஒரே ஒளியாக இருந்தது அந்தக் குரல், அதுவும் இப்போது—

அடித்தாயிற்று. அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. நான் எழுத எழுத அவள் லேப்டாப் அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வரியைக் கேட்டதும் நிறுத்தினாள். "இருட்டுன்னா என்னன்னே எனக்குத் தெரியாது. பார்த்துப் பழகினவங்களுக்குத்தான்டா இருட்டு. உன் பிரச்சினையை என் தலையில கட்டாதே."

இரண்டாவது தொடக்கம்:

வாஷிங் மெஷின் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அவள் ஒரு தன்னம்பிக்கைச் சுட—

"காலண்டர்ல போடறதுக்கா எழுதறே?"

சுடர் பற்றிக்கொள்வதற்கு முன்பே அணைந்தது. (அடைப்புக்குறிகளையும் குறைக்கச் சொல்கிறாள். அவள் லேப்டாப் ஒவ்வொரு முறையும் 'அடைப்புக்குறி திறப்பு, அடைப்புக்குறி மூடல்' என்று சொல்லித் தொலைக்கிறதாம். இந்த மாதிரிக் கதைக்கு அடைப்புக்குறி இல்லாமல் முடியாது என்றேன். "அப்போ கொஞ்சமா போட்டுக்கோ" என்று அனுமதி கிடைத்திருக்கிறது.)

3

சரி, அலங்காரம் வேண்டாம். அவள் வேலையை உள்ளபடி சொல்கிறேன்.

வாஷிங் மெஷின் மக்கர் பண்ணினால் ஜனங்கள் போன் செய்வார்களே, அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இடது காதில் வாடிக்கையாளர். வலது காதில் லேப்டாப். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளில் பழைய இயந்திரக் குரல் ஒன்று இருந்தது. தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுவதுபோல அசுர வேகத்தில் பேசும். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது, அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. இந்தப் பக்கம் ஒருவர் "போன மாசம்தான் ரிப்பேர் பண்ணீங்க, மறுபடி தண்ணி ஒழுகுது" என்று கத்தி முடிப்பதற்குள், அந்தப் பக்கம் எந்த மெஷின், யார் வந்து பார்த்தார், எந்தப் பாகத்தை மாற்றினார் என்று எல்லாமே அவள் காதில் கொட்டியிருக்கும். பேசுகிறவருக்கு அவளுக்குப் பார்வை இல்லை என்பது தெரியவே தெரியாது.

புது சிஸ்டத்தில் அந்தக் குரல் ஓடவில்லை. அதைச் செய்தவர்கள் எப்போதோ கடையை மூடிவிட்டார்கள். பதிலுக்கு ஒரு பெண்குரல் வந்தது. தேன். அலுவலகமே சுற்றி நின்று கேட்டுச் சொக்கிப் போனதாம். "அச்சு அசலா மனுஷி மாதிரியே பேசுது பாருங்க" என்று மேலாளர் பூரித்தாராம்.

"அதான் சார் பிரச்சினையே," என்றாளாம் அக்கா. "மூச்சு விடுது. கமாவுக்குக் கமா மூச்சு விடுது. வேகத்தைக் கூட்டினா வார்த்தையெல்லாம் குழைஞ்சு போகுது. 'தண்ணீர் ஒழுகுகிறது'ன்னு வந்தா வருத்தப்படுது சார். அது வருத்தப்பட்டு முடிக்கறதுக்குள்ள லைன்ல இருக்கறவர் என்னைத் திட்டி முடிச்சிடறார்."

மேலாளர் கெட்டவர் இல்லை. (வில்லனாக்கிவிட ஆசைதான். முரட்டு மீசைகூட வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.) அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். ரிப்பேர் முடிந்த வீடுகளுக்குப் போன் செய்து, திருப்திதானா என்று கேட்டு, நன்றி சொல்லும் வேலைக்கு அக்காவை மாற்றிவிடலாம். சம்பளம் அதேதான். திரையில் எதையும் தேட வேண்டியதில்லை.

"நல்லதுதானே, சிரமமே இல்லையே" என்று நானும் சொன்னேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு உன்னை எழுத வேண்டாம், படிச்சவங்களுக்கெல்லாம் போன் போட்டு நன்றி மட்டும் சொல்லு, காசு அதே காசுதான்னு சொன்னா போவியா?"

போக மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பை அதன் மேல் வைத்தோம்.

4

பழையதற்குத் திரும்பிப் போக அந்த சிஸ்டமே ஒரு பொத்தான் வைத்திருந்தது, ஆனால் கெடு தாண்டிவிட்டது. இனி லேப்டாப் நினைவகத்தில் புது சிஸ்டம் இருக்கும் பகுதியை மொத்தமாக அழித்துவிட்டு பென் டிரைவிலிருந்து பழையதை ஏற்ற வேண்டும். செய்முறை அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒன்றுதான் குறை. அழித்து ஏற்றும் நேரத்தில் லேப்டாப் வாய் திறக்காது. திரையில் வருவதை யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

"என்ன வருது?"

"ஏதோ பயமுறுத்தறான். தொடரட்டுமா?"

"இருக்கறதைப் படி."

"பழைய தட்டுமுட்டெல்லாம் தூக்கிப் போட்டு வீட்டைக் காலி பண்ணப் போறேன்கறான்."

"வீடா? வீடுன்னா போட்டிருக்கு?"

"இல்ல, நான் சும்மா ஒரு இதுக்காக—"

"டேய். கதை சொல்லாதே. எழுத்தெழுத்தா படி."

படித்தேன். "தேர்ந்தெடுத்த பகுதி, இரண்டு. இதில் உள்ள அனைத்தும் நிரந்தரமாக அழிக்கப்படும்." அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அழிக்க வேண்டியது முதல் பகுதி. இரண்டாவதில்தான் அந்தப் பழைய குரல் இருந்தது. ஒரே பிரதி.* கடையை மூடிவிட்டுப் போனவர்களிடம் இன்னொன்று கேட்க முடியாது. நான் தவறான பகுதியைச் சொடுக்கிவிட்டு, அதன் மேல் அழகாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"நீயும் அந்தப் புதுக்குரலும் ஒண்ணுதான்," என்றாள். "இருக்கறதைச் சொல்ல மாட்டீங்க. நடிப்பீங்க."

சுருக்கென்று தைத்தது. எழுதுகிறவனிடம் சொல்லக் கூடாத சொல். ஆனால் அவள் சொன்னது சரி. பகுதியை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு முற்றுப்புள்ளியைக்கூட விடாமல் படித்தேன். சாயங்காலம் லேப்டாப் எழுந்தது. அக்கா பழைய குரலை ஏற்றி, வேகத்தை உச்சத்துக்கு முறுக்கினாள். தகர டப்பா உருண்டது. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. (இந்த வரியை எடுக்கச் சொன்னாள். எடுக்க மாட்டேன், இது நடிப்பு இல்லை.)

* ஏன் நகல் எடுத்து வைக்கவில்லை என்று கேட்கப் போகும் கணினிக்காரர்களுக்கு: இப்போது எடுத்தாயிற்று. நீங்கள் எல்லாவற்றுக்கும் எடுத்து வைத்திருக்கிறீர்களா?

("நட்சத்திரம், நட்சத்திரம்னு சொல்லுது. ஜோசியமா எழுதறே?")

5

அலுவலக சிஸ்டம் ஆள் அந்த வாரமே கண்டுபிடித்துவிட்டார்.

எதிர்த் தரப்பையும் எழுத வேண்டும். பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அதன் வழியாக யாராவது உள்ளே புகுந்தால் வாடிக்கையாளர்களின் முகவரி, போன் நம்பர் எல்லாம் போய்விடும். மேலாளர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பத்தியை எழுதாமல் விட்டிருந்தால் அக்கா சுலபமாக ஜெயித்திருப்பாள். அவள்தான் எழுதச் சொன்னாள்.

"ஆபத்துன்னு எனக்கும் தெரியும்டா. புதுசுல என் குரலை ஓட வைங்க, இல்லேன்னா அதே வேகத்துக்குப் பேசற வேற ஒண்ணைக் கொடுங்கன்னு அன்னிக்கே எழுதிக் கேட்டேன். பதிலே இல்ல. சிஸ்டத்தைச் சரி பண்றதைவிட என்னை இடம் மாத்தறது அவங்களுக்குச் சுலபம்."

6

முடிவுகள். கைவசம் சில உண்டு.

மேலாளர் கடிதத்தைப் படிக்கிறார். கண் கலங்குகிறது. அவளை மன்னித்து—

"நான் என்ன தப்பு பண்ணேன், மன்னிக்கறதுக்கு?"

வேலை போகிறது. கொட்டும் மழையில் அவள் தன்னந்தனியாக—

"குடை இருக்கு."

நிறுவனம் ஆள் வைத்து, அந்தக் குரலைப் புது சிஸ்டத்திலும் ஓட வைக்கிறது. அவள் தன் நாற்காலியில் வந்து உட்கார, எல்லோரும் எழுந்து கை தட்—

"கை தட்டறதை எடு," என்றாள். "மத்ததுதான் எனக்கு வேணும். ஆனா அதை நீ எழுதாதே."

"ஏன்க்கா?"

"நீ எழுதிட்டா படிக்கறவங்களுக்கு மனசு நிறைஞ்சிடும். அப்புறம் யாரும் செய்ய வேண்டியதில்லேன்னு ஆயிடும்."

7

கடைசியில் கடிதத்தை அவளே எழுதினாள். அப்படியே தருகிறேன், ஒரு சொல்லும் என்னுடையது இல்லை.

'பழைய சிஸ்டத்தைப் போட்டது நான்தான். தெரிந்தே செய்தேன். புதியதில் என் வேலையை என்னால் செய்ய முடியவில்லை. செய்ய முடிகிற நாளில் நானே மாற்றிக்கொள்வேன். நன்றி சொல்லும் வேலைக்குப் போக மாட்டேன்.'

அனுப்பியும் விட்டாள். கூடவே இந்தக் கதையையும் இணைத்திருக்கிறாள்.

எனவே, இதைப் படிப்பவர் மேலாளராக இருக்கலாம். அவருக்கும் மேலே உட்கார்ந்து, எல்லோருக்கும் ஒரே சிஸ்டம் என்று முடிவு செய்தவராகவும் இருக்கலாம். முடிவை நான் எழுதவில்லை. அது எழுதுகிற வேலை இல்லை, செய்கிற வேலை. திங்கட்கிழமை முதல் அழைப்பு வரும்போது அக்கா புகார்ப் பிரிவில், அவள் நாற்காலியில் இருப்பாள். எழுந்திருக்கச் சொல்வதென்றால் நேரில் வந்து சொல்லுங்கள்.