காலர் மைக்

என் காதுக் கருவியோடு ஒரு காலர் மைக்கும் உண்டு. பேசுகிறவர் சட்டையில் குத்திக்கொண்டால் போதும், அவர் பேசுவது நேராக என் காதுக்குள் விழும். சிங்கப்பூரில் கொத்து வேலை பார்க்கும் மாமா கொண்டுவந்தது. கணக்கு வாத்தியார் சுரேஷ்குமார் அதை மாட்டிக்கொண்டு எனக்குப் பாடம் நடத்துகிற படத்தைப் போட்டு, ‘எல்லோருக்குமான பள்ளி’ என்று எங்கள் பள்ளிக்கூடம் ஜெயங்கொண்டம் நாலு ரோட்டில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தது. அதில் நான் ஈயென்று இளித்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒரே ஆசைதான். பத்தாம் வகுப்புப் பரீட்சையை இதே பள்ளிக்கூடத்தில் எழுத வேண்டும்.

அன்றைக்குப் பாடம் முடிந்ததும் சார் மைக்கைக் கழற்ற மறந்து, பக்கத்திலிருந்த தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டார். முதலில் தண்ணீர் குடிக்கிற சத்தம். அடுத்து ஒரு ஏப்பம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் தலைமையாசிரியை ஜானகி மேடத்தின் குரல் வந்தது.

“சார், அந்தச் செவிடு தேறுமா?”

“எங்க மேடம்! அது ஒண்ணு போனாலே நம்ம நூறு சதவீதம் போச்சு. அம்மாவ வரச்சொல்லி, பக்குவமாப் பேசி டி.சி.யைக் குடுத்துடலாம்.”

“ஃப்ளெக்ஸ்ல அதோட போட்டோ இருக்கே?”

“அது பாட்டுக்கு இருக்கட்டும். யாரு கேக்கப்போறா? அதுக்கே கேக்காது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் விறுவிறுவென்று போய் அவர்கள் முன்னால் நின்றேன்.

“மைக்க ஆஃப் பண்ணல சார்.”

சாருக்கு முகம் வெளிறிவிட்டது. மேடம் அசரவே இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பரவால்லியே, மிஷின் நல்லா வேலை செய்யுதே!”

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள், வாய்க்குப் பஞ்சமில்லை. “நாளைக்கு வந்து நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன் பாரு பானு,” என்றாள். அதை நம்பித்தான் தூங்கினேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்தே அவளைக் கூப்பிட்டு விட்டார்கள். சார் மைக்கைக் குத்திக்கொண்டு வந்து நின்றார். ஆன் செய்தால் எரிகிற பச்சை விளக்கு அதில் எரியவில்லை. அம்மாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவர் பேசியதில் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

“எங்க வூட்டுப் புள்ள மாதிரிதான் பாத்துக்குறோம்மா. பாருங்க, இவளுக்காகவே இத மாட்டிக்கிட்டுத் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். இவ கவனிக்கிறதே இல்ல. பிரைவேட்டா எழுதட்டும், அதான் நல்லது.”

“பொய்!” என்று கத்தினேன். கத்தும்போது என் குரல் எனக்கே அடங்காது, கோணலாக வரும். வராந்தாவில் போன பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அம்மா என் கையை நறுக்கென்று கிள்ளிவிட்டு, சாரைப் பார்த்துக் கும்பிட்டாள். டி.சி.யை வாங்கிக்கொண்டு கையெழுத்தும் போட்டாள்.

சார் மைக்கைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். தொலைந்துவிடக் கூடாதென்று அவள் அதை முந்தானையில் குத்திக்கொண்டாள். பஸ் ஏறும்போது நான் அதை ஆன் செய்துவிட்டேன். பானு சொன்னது நிஜமாக இருக்குமோ என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்ற நப்பாசைதான்.

அவளுக்கு பஸ்ஸின் முன்பக்கம் இடம் கிடைத்தது, எனக்குப் பின்பக்கம். நாலு ரோட்டில் ஃப்ளெக்ஸ் அப்படியே இருந்தது. அம்மா பக்கத்திலிருந்த பொம்பளையிடம் பேச ஆரம்பித்தாள்.

“தங்கமான மனுசன்க்கா அந்தச் சாரு. இதுக்குத்தான் மண்டையில ஏறல. அவரு மேலயே பழியப் போடுது. பொறந்தப்பவே போய்ச் சேந்திருந்தா நானாச்சும் நிம்மதியா இருந்திருப்பேன்.”

பஸ் இரைச்சலிலும் ஒரு எழுத்து விடாமல் கேட்டது. மேடம் சொன்னது சரிதான், மிஷின் நல்லாத்தான் வேலை செய்கிறது.