மைதாப் பசையில போன வைரக்கல்

எங்காத்துக்காரருக்குக் கொலுன்னா பொம்மை இல்லை, ரயில். படி கட்டறதும் மரப்பாச்சிக்குப் புடவை சுத்தறதும் என் தலையில. அவர் பாட்டுக்குக் கீழே பலகையைப் போட்டு, தண்டவாளத்தைப் பரத்தி, ஸ்டேஷன், பாலம், மலை, குகைன்னு ஒரு ஊரையே கட்டிண்டிருப்பார். அபிராமபுரத்துல பாதிப் பேர் என் சுண்டலுக்கா வரா? சாவி கொடுத்தா ஓடற அந்த ரயிலைப் பார்க்கத்தான் வரா.

எழுபத்திரண்டாம் வருஷம் மலை பெரிசா வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னார். மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கோணிச்சாக்கை மைதாப் பசையில தோய்ச்சு மேலே போர்த்தணும். "நீ பூசேன்டி, உனக்குத்தான் கைவாகு"ன்னார். அந்தப் புகழ்ச்சிக்கு மயங்கினேன் பாருங்கோ, என்னைச் சொல்லணும். வேலை முடிஞ்சு, கலசமும் வெச்சு, மூஞ்சி அலம்பிண்டு கண்ணாடியைப் பார்த்தா, வலது காதுத் தோட்டுல ஏழு கல்லுல ஒண்ணைக் காணோம்! பசைக் கையாலேயே காதோர மயிரை ஒதுக்கிண்டிருந்தேன். ஒட்டிண்டு வந்திருக்கும்.

என் தோடா இருந்தா ஒரு மூச்சு அழுதுட்டு விட்டிருப்பேன். அது என் நாத்தனார் கோமளம் அக்காவோடது. "நவராத்திரியும் அதுவுமா பளிச்சுனு இரு சீதா. விஜயதசமிக்கு வந்து வாங்கிக்கறேன். அதுக்கடுத்த வாரம் பொண்ணோட நிச்சயதார்த்தம், அவ காதுல போடணும்"னு நங்கநல்லூர்லேர்ந்து வந்து கொடுத்துட்டுப் போயிருந்தா. தம்பி பொண்டாட்டி கல்லை எடுத்துட்டான்னு அவ புக்காத்துல ஒரு வார்த்தை கிளம்பினா, நான் எந்த மூஞ்சியோட அந்தப் படியேறுவேன்?

முற்றம், தூம்பு, குப்பைக்கூடை எல்லாம் துழாவியாச்சு. பசைக்கிண்ணத்தைக் கூட அவர் சுத்தமா வழிச்சு வெச்சிருந்தார். மலைக்குள்ளேதான் போயிருக்கணும். "ஏன்னா, அந்த மலையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாமா?"ன்னு மெதுவாக் கேட்டேன். காரணம் சொல்லலை. அவர் வாய் ஓட்டை, அன்னிக்கே அக்காகிட்டப் போய் உளறிட்டு வந்துடுவார். "கலசம் வெச்சப்புறம் கொலுவுல கை வைக்கவாவது! விஜயதசமி ராத்திரி பொம்மையைப் படுக்க வெச்சாத்தான் கலைக்கலாம். உனக்குத் தெரியாதா?"ன்னு எரிஞ்சு விழுந்தார். தெரியும், தெரியும். அன்னிக்குக் காலம்பர அக்கா வந்து நின்னா என்ன பண்றது?

தோட்டைப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டு, காதுல வேப்பங்குச்சியைச் சொருகிண்டேன். புண்ணுன்னு வந்தவாகிட்டயெல்லாம் புளுகினேன். மஞ்சள் பத்துப் போடு, தேங்காயெண்ணெய் தடவுன்னு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னா. பாத்திரம் தேய்க்கற பாஞ்சாலி கூட, "இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் அந்த மலையவே பாத்துக்கினு கீற? உள்ள இன்னா கீது?"ன்னா. "உன் வேலையைப் பாருடீ"ன்னு வள்ளுனு விழுந்தேன். பாவம் அவ.

விஜயதசமியன்னிக்குக் காலம்பரவே அக்கா வந்து நின்னா. ராகுகாலத்துக்கு முன்னாடி தோட்டை வாங்கிண்டு கிளம்பணுமாம். பொம்மை படுக்கறதோ ராத்திரி.

"முதல்ல ரயிலைப் பாரு அக்கா"ன்னு அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, ரயிலுக்குச் சாவி கொடுத்தார். பலகை மேல வெயில் விழுந்தது. ஸ்டேஷன் தாண்டி ஈர்க்குச்சியில ஒரு சிக்னல். அதோட உச்சி நீலமும் பச்சையும் ஆரஞ்சுமா ஒளியை வாரி இறைச்சுது! நான் எங்கே சிக்னலைப் பார்த்தேன்? இத்தனை நாளும் மலையைத்தானே முறைச்சுண்டிருந்தேன்.

"இது ஏதுன்னா?"

"அதுவா? பசைக்கிண்ணத்தை வழிச்சப்போ கிடைச்சுது. ஏதோ கண்ணாடித் துண்டு. வீணாக்குவானேன்னு ஒட்டினேன். ஜோராயிருக்கோல்லியோ?"

கலசமாவது ஒண்ணாவது! குனிஞ்சு வெடுக்குனு பிடுங்கினேன். "கலைக்கப்படாதுடீ!"ன்னு அவர் அலறினார். என் புடவை பட்டு ரயில் குடைசாஞ்சுது. நான் அப்படியே தரையில உட்கார்ந்து ஓன்னு அழுதேன். அழுதுண்டே அக்காகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அக்கா கல்லை உள்ளங்கையில வாங்கிப் பார்த்தா. அப்புறம் அவளும் என் பக்கத்துல பொத்துனு உட்கார்ந்துட்டா.

"அந்தக் கல் ஆறு மாசமா ஆடிண்டிருந்ததுடீ. கொடுத்தப்போ சொல்ல மறந்துட்டேன். பஸ் ஏறினப்புறம்தான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து சொன்னா, ஆடற தோட்டை என் தலையில கட்டிட்டாளேன்னு நீ நினைச்சுப்பியோன்னு வாயை மூடிண்டு இருந்துட்டேன். எனக்கும் இத்தனை நாளாச் சோறு இறங்கலை. தொலைஞ்சிருந்தா பழி உன் தலையிலன்னா விழுந்திருக்கும்!"

எனக்குக் கோபம் வரணும். வரவேயில்லை. அப்பாடான்னு ஒரு மூச்சு வந்தது பாருங்கோ, அடிவயித்துலேர்ந்து! ரெண்டு பேரும் கட்டிண்டு அழுதோம், சிரிச்சோம். போற வழியில நகை பண்ற பத்தரண்டை கொடுத்துக் கல்லைப் பதிச்சுக்கறேன்னு அக்கா புடவைத் தலைப்புல முடிஞ்சுண்டா.

"அப்போ என் சிக்னல்?"னார் அவர்.

"போடா கோபாலா!"ன்னா அக்கா.

இலை போட்டேன். அக்காவுக்கு நான் பரிமாறினேன், எனக்கு அக்கா பரிமாறினா. ரசத்துக்கே நான் மூணு தரம் சாதம் போட்டுண்டேன். அவ நாலு.