கவர்னர் வீட்டுக் குடித்தனக்காரர்கள்

கவர்னர் அபுண்டியோ சல்செடோ தன் கடைசிக் காலத்தில் நின்றுகொண்டேதான் தூங்கினார். வீட்டில் படுக்கையறைகளுக்குக் குறைவில்லை. கட்டில், சோபா, மாடிப்படி எல்லாவற்றையும் இறந்தவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சான் ரோமானோவில் இதைப் பெரிதாக யாரும் பேசவில்லை, அரிசி விலையைப் பேசினார்கள். அவர்களை அங்கே அனுப்பி வைத்தவள், நெடுஞ்சாலையோரம் கஞ்சிக்கடை வைத்திருந்த பெலிசா.

அபுண்டியோ ஜல்லி விற்று ஆரம்பித்தவர். பிறகு வயல்களை வாங்கி, ஒரே மாதிரி வீடுகளை நட்டார். பெலிசா குடியிருந்த கடலோரக் குப்பமும் அப்படி அவர் கைக்குப் போனது. இடிக்க வந்த அன்று அவள் கணவன் தியோதுலோ கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். மேலே ஆள் இருந்ததைப் பார்க்கவில்லை என்றான் இயந்திரம் ஓட்டியவன். அது தேர்தல் வருஷம், அபுண்டியோ முதல் தடவையாக நின்றார்; ஓட்டுக் கேட்பவன் ஒரு சாவு வீட்டையும் விடக்கூடாது. சவப்பெட்டியைவிடப் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். ரிப்பனில் செத்தவன் பெயரைவிட அவர் பெயர் பெரிதாக இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் சீட்டாடியவர்களோடு ஒரு கை ஆடி, வேண்டுமென்றே தோற்று, பெலிசாவின் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

அந்த ஊரில் சாவு வீட்டிலிருந்து யாரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. வழியில் எங்காவது இறங்கி ஒரு வாய் சாப்பிட்டால், கூடவே வரும் செத்தவர் அங்கேயே தங்கிவிடுவார். அன்று அபுண்டியோ இறங்கியது பெலிசாவின் கடையில். அவள் தங்கைதான் கஞ்சி ஊற்றினாள். அடக்கம் முடிந்து பெலிசா கடையைத் திறந்தபோது மூலை பெஞ்சில் தியோதுலோ உட்கார்ந்திருந்தான், தலையெல்லாம் சிமெண்டுத் தூசி. செத்தவர்களுக்கு உப்பு ஆகாது. உப்பில்லாமல் ஒரு கிண்ணம் வைத்தாள். குடித்தான். எழுந்து போகவில்லை. தினமும் அவன் தலையைத் துடைத்துவிட்டாள், தூசி போகவில்லை. அதன்பின் ஒவ்வொரு துக்கத்துக்கும் போய்த் திரும்பும்போது அபுண்டியோ அங்கேயே நின்றார். வாத்தியார், மாலுமி, பிரசவத்தில் போனவள் என்று பெஞ்சுகள் நிறைந்தன. உயிரோடிருந்த வாடிக்கைக்காரர்கள் நகர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அபுண்டியோ மேயராகி, கவர்னராகி, சாலையின் இரண்டு பக்கத்தையும் வாங்கினார். பெலிசாவின் கடை இருந்த துண்டு நிலம் மட்டும் மிச்சம். அவள் கொடுக்கவில்லை. ஒரு நாள் மீன் வியாபாரி ஒருத்தியின் துக்கம் முடிந்து, புதிதாக வாங்கிய பேக்கரியில் இறங்கி ரொட்டி தின்றார். பசி அடங்காமல் கஞ்சிக்கும் வந்தார். மீன்காரி அவர் பின்னாலேயே இறங்கி வந்து, இங்கேதான் காலை நீட்டி உட்கார்ந்தாள். பெலிசாவின் கரண்டி பானையிலேயே நின்றது. பேக்கரியில் மீன்காரி தங்கவில்லை. அவருக்குச் சொந்தமான இடமெல்லாம் அவருடைய வீடுதான்; அங்கே சாப்பிட்டால் செத்தவர் தங்காமல் கூடவே வருவார். மாகாணத்தில் அவருக்குச் சொந்தமில்லாத கடை இது ஒன்றுதான்.

மறுநாள் காலை தியோதுலோவின் எதிரே உட்கார்ந்தாள். "போறியா?" என்றாள். அவன் நெடுநேரம் அவளைப் பார்த்தான். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான். பெலிசா ஆள் அனுப்பி, விற்கிறேன் என்றாள்.

"என்ன பெலிசா, இத்தனை வருஷம் முரண்டு பிடிச்சே. இப்பவாச்சும் புத்தி வந்துச்சா?" என்றார் அபுண்டியோ, பேனாவைத் திறந்துகொண்டே.

"கால் வலிக்குது ஐயா. கையெழுத்துப் போட்டுட்டு ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்க."

"இனிமே இது என் கஞ்சி. காசு கேக்கமாட்டியே?"

"கேக்கமாட்டேன் ஐயா. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்குங்க."

அவர் குடித்து முடித்து எழுந்தார். பெஞ்சுகளும் எழுந்தன. தியோதுலோதான் முதலில் ஏறினான், பின்சீட்டில், அவருக்குப் பக்கத்தில். திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் நார்டோ முன்சீட்டிலிருந்த தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து மீன்காரிக்கு இடம் விட்டான்.

"வண்டி ஏன்டா இப்படி அமுங்குது?" என்றார் அபுண்டியோ, பக்கத்தில் பார்க்காமலே.

"ரோடு சரியில்லீங்க ஐயா. நீங்க போட்டதுதான்."

வீட்டுக்குள் ஒரு தடவை நுழைந்தவர்கள் பிறகு வெளியேறுவதில்லை. பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார், எல்லோரும் ஒழுங்காக ஆமென் சொன்னார்கள். தன் இடிக்கும் ஆட்களையே கூப்பிட்டார் கவர்னர்; மேஸ்திரி சோபாவில் தன் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போனார்.

பெலிசா பக்கத்து மாகாணத்தில் கடை போட்டாள். மூலை பெஞ்சைக் காலியாகவே வைத்திருந்தாள். சில வருஷம் கழித்து அபுண்டியோ வந்தார், கால் வீங்கி. உட்காரும் வழக்கமே விட்டுப்போயிருந்தது, நின்றார்.

"உன் புருஷன் என் கட்டில்ல படுத்துருக்கான் பெலிசா. எந்திரிக்கச் சொல்லேன்."

"இடிச்சுப் பாருங்களேன் ஐயா."

அவள் ஒரு தூக்கில் கஞ்சி ஊற்றி நீட்டினாள். "உப்பு போடல. ஆறுறதுக்குள்ள அவருக்குக் குடுத்துருங்க, ஆறிப்போனா தொடமாட்டார்."

கவர்னர் தூக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார். தூக்கை அவரே கழுவியிருந்தார்.