சூரியகாந்திக்குள் போன கேரவன்

இழுத்துச் செல்லும் சக்கர வீடான கேரவனின் மூக்கு, பிக்கப் வண்டியின் பின்னால் இருந்த இரும்பு உருண்டைக்கு மேல் வர இன்னும் இரண்டு விரற்கடை இருக்கும்போதே மாமனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டதை, வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்த கர்ட்டிஸ் பக்கக் கண்ணாடியில் பார்த்தான். அவர் காப்பிக் கோப்பையைப் புல்லில் வைத்தார். பேன்ட்டை ஒருமுறை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். ஆர்விட் பேன்ட்டை மேலே இழுத்தால் ஏதோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

“இடது பக்கம் ஒடி.”

“இடதுதான் மாமா ஒடிச்சிருக்கேன்.”

“உன் இடது இல்ல. என் இடது.”

அடுத்த இடத்தில் தங்கியிருந்த தம்பதி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரை முகாம்களில் காலை வேளையில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. யார் கேரவனை ஒரே முயற்சியில் மாட்டுகிறார்கள், யார் மனைவியிடம் கத்துகிறார்கள் என்று எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். கர்ட்டிஸ் மனைவியிடம் கத்தியதே இல்லை. மார்னி பாத்திரம் கழுவப் போயிருந்தாள். அவனுக்கு வாய்த்தது மாமனார்.

கேரவன் முன்பு ஆர்விட்டுடையது. அவரும் அவர் மனைவியும் கோடைக்குக் கோடை அதை இழுத்துக்கொண்டு மேற்கே மலைகள் வரைக்கும் போய் வந்தவர்கள். மனைவி இறந்த பிறகு அதை மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டார் என்பது பேச்சுக்குத்தான். வரி கட்டுவது, டயர் மாற்றுவது, சக்கரத்துக்கு கிரீஸ் வைப்பது எல்லாம் கர்ட்டிஸ். ஆனால் வசந்தம் வந்ததும் கூரையின் இணைப்புகளில் பசை பூச அவன் ஏணி போட்டால், ஏணியின் அடியில் ஆர்விட் நிற்பார். உறைபனி விழுவதற்குள் குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டு உறையாத திரவத்தை ஊற்ற வேண்டும். அதற்கும் வருவார். வந்து, குழாயில் கடைசிச் சொட்டு வரைக்கும் இறங்கியதா என்று ஊதிப் பார்ப்பார். இப்போது இரண்டு வருடங்களாக அவர்கள் எங்கே கிளம்பினாலும் தலையணையோடு முன்பே வாசலில் நிற்கிறார். மார்னியால் அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கர்ட்டிஸாலும்தான்.

கர்ட்டிஸ் டவுனில் காது கேட்கும் கருவிகள் விற்கும் கடையில் வேலை பார்க்கிறான். கிழவருக்கு அவனே அளவெடுத்து, அவனே பொருத்திக் கொடுத்த கருவி எப்போதும் அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கும். கேட்டால், “காதுல போட்டா எல்லாரும் பேசறது கேக்குது” என்பார்.

கர்ட்டிஸ் வண்டியிலிருந்து இறங்கி வந்து பிடியைச் சுற்ற, கேரவனின் மூக்கு உருண்டையின் மேல் இறங்கி உட்கார்ந்தது. மின்கம்பியைச் செருகினான். வண்டி பிரிந்துபோனால் கேரவனின் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கிற மெல்லிய கம்பியை மாட்டினான். இரண்டு சங்கிலிகளையும் கொக்கியில் போட்டான். மூக்கை உருண்டையோடு பூட்டும் தாழ்ப்பாளை அழுத்தப் போன நேரத்தில் அந்தப் பக்கம் சங்கிலி கலகலவென்றது. குனிந்து பார்த்தால், மண்டியிட்டு உட்கார்ந்து ஆர்விட் சங்கிலியில் ஏதோ செய்துகொண்டிருந்தார்.

“மாமா, நான் பாத்துக்கறேன்.”

“நீ பாத்துக்கறதைத்தான் மூணு நாளா பாத்துக்கிட்டிருக்கேன் மாப்ள.”

ரொட்டி தின்றுகொண்டிருந்த ஆள் சிரித்தான். சின்னச் சிரிப்புதான். அந்தச் சிரிப்பில் கர்ட்டிஸுக்கு இரண்டு வருடமும் ஒன்றாகத் தலைக்கு ஏறியது.

“இது என் கேரவன் மாமா! என் பேர்ல இருக்கு, நான் போட்ட டயர்ல ஓடுது. ஒரே ஒரு தடவை நானா மாட்டிக்கறேன். நீங்க எதையும் தொடாதீங்க. போய் உக்காருங்க!”

ஆர்விட் முழங்காலில் கை ஊன்றி, மெல்ல எழுந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு கேரவனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கர்ட்டிஸ் யார் முகத்தையும் பார்க்காமல் தரைவிரிப்பைச் சுருட்டினான், நாற்காலிகளை மடித்து வண்டியில் எறிந்தான். மார்னி ஈரக் கையோடு வந்தாள்.

“அப்பா எங்க?”

“உள்ள. படுத்துட்டார்.”

“கேரவனுக்குள்ள ஆளை வெச்சு இழுக்கக் கூடாதுடா.”

“நீயே போய்ச் சொல்லு.”

அவள் கதவைத் தட்டினாள். “அப்பா, முன்னாடி வந்து உக்காரு.” பதில் இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்பாவின் கோபம் அவளுக்குப் பழக்கம். அந்த நேரத்தில் கதவைத் திறந்தால் அது இன்னும் ஒரு நாள் நீளும். “சரி விடு, பெட்ரோல் போட நிறுத்தும்போது தானா வருவார்” என்று சொல்லிவிட்டு வந்து ஏறிக்கொண்டாள்.

முகாமிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் சரளைச் சாலையின் இரண்டு பக்கமும் சூரியகாந்தி. ஆகஸ்ட் கடைசியில் பூக்கள் கனத்துத் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்திருந்தன. கர்ட்டிஸின் நெஞ்சுக்குள் ஒரு வீராப்பு இன்னும் இருந்தது. முந்தின இரவு, கிழவரின் குறட்டையைக் கேட்டபடி படுத்திருந்தபோது, அடுத்த கோடையில் அவர் இல்லாமல் இரண்டு பேர் மட்டும் போவதாக அவன் கற்பனை செய்து பார்த்திருந்தான். எப்படி அவர் இல்லாமல் என்ற விவரத்துக்குள் போகவில்லை. சும்மா, அவர் இல்லை. அவ்வளவுதான்.

ரயில் பாதையைத் தாண்டும்போது வண்டி ஒரு குதி குதித்தது. பின்னால் இரும்போடு இரும்பு மோதும் சத்தம். அதற்கப்புறம் வண்டி பாரம் இறங்கின மாதிரி முன்னால் பாய்ந்தது. கர்ட்டிஸ் கண்ணாடியைப் பார்த்தான். இடது கண்ணாடியில் கேரவன் இல்லை. வலது கண்ணாடியில் இருந்தது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மெல்லிய கம்பி அறுந்து, பிரேக் பிடித்து, சக்கரங்கள் சுழலாமல் தேய, மூக்கால் சரளையை உழுதுகொண்டு அது தன் பாட்டுக்கு ஓரமாகப் போயிற்று. பள்ளத்தில் இறங்கியது. தண்டுகள் முறியும் சத்தம் ஒரு தீ பரவுவது போலக் கேட்டது. பிறகு மஞ்சள் தூசிக்கு நடுவில், ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

மார்னி அவனுக்கு முன்னால் ஓடினாள். செருப்பு சாலையிலேயே கிடந்தது. “அப்பா! அப்பா!”

கதவு இருந்த பக்கம்தான் சாய்ந்திருந்தது. மண் அணைத்துக் கதவு திறக்கவில்லை. கர்ட்டிஸ் மேல் பக்கம் சுற்றிப்போய், சமையல் மேடை ஜன்னலை வண்டிச் சாவி கொண்டு குத்தினான், முழங்கையால் இடித்தான், கடைசியில் ஒரு கல்லால் உடைத்து, மிச்சக் கண்ணாடியைக் கையாலேயே பிடுங்கிவிட்டு உள்ளே விழுந்தான். எல்லா அலமாரியும் திறந்து கொட்டியிருந்தது. சோளப்பொரி, தட்டுகள், முட்டை, கிழவரின் மாத்திரைகள். முன்பக்கத்துப் படுக்கையின் மேல் அலமாரிக் கதவு ஒன்று பெயர்ந்து விழுந்திருந்தது. அதன் கீழே போர்வைக் குவியல். அது அசையவில்லை.

‘போய் உக்காருங்க’ என்றுதான் கடைசியாக அவரிடம் சொல்லியிருந்தான். தாழ்ப்பாளை அழுத்தவில்லை என்பது இப்போதுதான், அந்தப் போர்வையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான், கைக்கு ஞாபகம் வந்தது. அழுத்தியிருந்தால் உள்ளங்கையில் அந்த ‘டக்’ இருந்திருக்கும். இல்லை. இனி ஆயுசுக்கும் மார்னி தன்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தான். அந்த நேரத்திலும் தன்னைப் பற்றி நினைக்கிறோமே என்றும் நினைத்தான். அலமாரிக் கதவைத் தூக்கி எறிந்துவிட்டுப் போர்வையைப் பற்றினான். உள்ளே உருண்டையாக, மெத்தென்று ஒன்று கையில் அகப்பட்டது. இழுத்தான். சுருட்டி வைத்த ஸ்லீப்பிங் பேக்.

அதற்கடியில் மெத்தை. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. அங்கேயும் யாரும் இல்லை.

“கர்ட்டிஸ்! சொல்லு! அப்பா எப்படி இருக்கார்? ஏதாவது சொல்லு!”

“இல்ல” என்றான் கர்ட்டிஸ்.

வெளியே மார்னியிடமிருந்து வந்த சத்தம் அவன் அதுவரை கேட்டிராத சத்தம். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னலில் தலையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினான்.

“ஆள் இல்ல! மார்னி, உள்ள ஆளே இல்ல! யாருமே இல்ல!”

அவள் பூக்களுக்கு நடுவே மண்டியிட்டிருந்தாள். அடுத்த பயம் இருவருக்கும் ஒன்றாகவே வந்தது. வழியில் விழுந்திருந்தால்? கர்ட்டிஸ் வெளியே குதித்து, ரயில் பாதையை நோக்கி, பள்ளத்தைப் பார்த்தபடியே ஓடினான். தானியம் ஏற்றிய பெரிய லாரி ஒன்று எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு அவனைக் கடந்து போயிற்று. சற்று முன் கேரவன் தேய்த்த தடத்தின் மேலேயே அது உருண்டு போனதைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஓடினான்.

அப்போது மார்னியின் போன் அடித்தது. முகாம் அலுவலகத்தில் வேலை பார்க்கும் வில்லா என்ற பெண்.

“மார்னி, உங்கப்பா இங்க என் மேஜை முன்னாடி நிக்கறார். கேரவனை யாரோ திருடிட்டாங்களாம். போலீஸைக் கூப்பிடுன்னு என் உயிரை வாங்கறார். கூப்பிடட்டுமா?”

மார்னி சாலை நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பி ஓடி வந்த கர்ட்டிஸுக்குத் தெரியவில்லை. அவளிடமிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தான். பின்னால், தூரத்தில், “வெள்ளை கலர், பச்சைக் கோடு போட்டது, எழுதிக்கோ!” என்று கிழவர் யாரையோ அதட்டுவது கேட்டது. உலகத்தில் அதைவிட இனிமையான குரல் இருக்க முடியாது என்று அந்த நிமிஷம் அவனுக்குத் தோன்றியது. அவளருகில் சரளையிலேயே அவனும் உட்கார்ந்தான். மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. எத்தனையோ நேரமாக அது நடக்காத மாதிரி இருந்தது.

வில்லா தன் வண்டியில் அவரை அழைத்துக்கொண்டு வந்தாள். கேரவன் சாய்ந்து கிடந்ததைப் பார்த்ததும், “ஐயோ, நல்லவேளை” என்று அதையே நாலு தரம் சொன்னாள். வயல்காரனுக்கு அவளே போன் செய்தாள். அவன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டிராக்டர் கொண்டுவருவதாகவும், பூ போனால் போகட்டும், ஆளுக்கு ஒன்றும் இல்லையே என்றும் சொன்னானாம். அலுவலகத்தில் ஆள் இல்லை என்று அவள் கிளம்பிப் போனாள்.

ஆர்விட் கேரவனைச் சுற்றி வந்தார். வளைந்த மூக்கைப் பார்த்தார், உடைந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு கர்ட்டிஸின் கையைப் பார்த்தார். மணிக்கட்டு வரைக்கும் ரத்தம் காய்ந்திருந்தது.

“ஜன்னல் வழியா உள்ள போனியா?”

“ஆமா மாமா.”

“எதுக்கு?”

கர்ட்டிஸ் ஏதோ முணுமுணுத்தான். கிழவர் சட்டைப் பையில் கை விட்டுக் கருவியை எடுத்து, காதில் வைத்துக்கொண்டு, “என்ன சொன்ன?” என்றார்.

“நீங்க உள்ள இருக்கீங்கன்னு நினைச்சேன் மாமா.”

ஆர்விட் கைக்குட்டையை எடுத்து உதறி, அவன் கையைப் பிடித்து இழுத்துக் கட்டினார். இறுக்கமாகக் கட்டினார்.

“தாழ்ப்பாள் போடல மாமா. உங்க கிட்ட கத்தின வேகத்துல மறந்துட்டேன். நான்தான்.”

“தாழ்ப்பாள் போகட்டும். சங்கிலி பிடிச்சிருக்கணுமே. சங்கிலி என்னாச்சுன்னு கேட்டியா?”

“ரெண்டும் மாட்டினேனே.”

“மாட்டின. நேரா மாட்டியிருந்த. ஒண்ணுக்கொண்ணு குறுக்கே மாட்டினாத்தான் மூக்கு கழண்டா தாங்கிப் பிடிக்கும்.” அவர் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மாத்திப் போடலாம்னு ரெண்டையும் கழட்டினேன். அப்ப நீ கத்தின. நீயே பட்டுக்கோன்னு அப்படியே போட்டுட்டு எழுந்துட்டேன் மாப்ள.”

காற்று பூக்களுக்கு மேல் அடித்தது.

“உள்ள போய்ப் படுத்தா மனசு கேக்கல. சொல்லிடணும்னு இறங்கினேன். நீ அந்தப் பக்கம் நாற்காலியைத் தூக்கி எறிஞ்சிட்டிருந்த. கோவம் ஆறட்டும், முகாம் பாத்ரூம் போய்ட்டு வந்து சொல்லலாம்னு போனேன். வந்து பார்த்தா கேரவனைக் காணோம்.”

“கேரவன் திருடு போச்சுன்னு போலீஸ் வேற” என்றாள் மார்னி.

“பின்ன? என்னை விட்டுட்டுப் போய்ட்டீங்கன்னு எப்படிம்மா நான் நினைப்பேன்?”

அதைக் கேட்டதும் கர்ட்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கிழவர் முறைத்தார். முறைத்தபடியே அவருடைய வாயும் கோணியது. இரண்டு பேரும் கேரவனின் சாய்ந்த பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தோள் குலுங்கச் சிரித்தார்கள். மார்னி இடுப்பில் கை வைத்து நின்றாள். கால்விரல் ஒன்றில் ரத்தம் கசிந்தது.

“சிரிங்க. நல்லா சிரிங்க. தாழ்ப்பாளை ஒருத்தன் போடல, சங்கிலியை ஒருத்தர் கழட்டிட்டார். இனிமே நீங்க ரெண்டு பேருமே அதைத் தொட வேண்டாம். நான் மாட்டிக்கறேன்.”

“உனக்கு மாட்டத் தெரியுமா?” என்றார் ஆர்விட்.

“தெரியாது. உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுதான் இங்க நிக்குது.”

கர்ட்டிஸ் சாலைக்குப் போய் அவளுடைய செருப்பை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தான்.

டிராக்டர் வர நேரம் இருந்தது. பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆர்விட் நடுவில். கேரவனை எங்கே சரிசெய்வது, மூக்கை நிமிர்த்த முடியுமா, புதிதாகப் பற்றவைக்க வேண்டுமா என்று பேசலாம்தான். அது டிராக்டர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆர்விட் இறங்கிப் போய் முறிந்து கிடந்த பூ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்து, நகத்தால் விதைகளைப் பெயர்த்தார். இன்னும் முற்றவில்லை. தோல் வெள்ளையாக, மெத்தென்று இருந்தது. ஒன்றை உரித்து மகளுக்குக் கொடுத்தார். ஒன்றை மாப்பிள்ளையின் கட்டுப்போடாத கையில் வைத்தார். கடித்தால் பாலாகத்தான் இருந்தது. பச்சை வாசனை. கர்ட்டிஸ் இன்னொன்றுக்குக் கையை நீட்டினான்.

எதிரே, கேரவன் சாய்த்துப் போட்ட பாதை வயலுக்குள் ஒரு தெரு மாதிரி நீண்டிருந்தது. முதலில் ஒரு கரும்பறவை வந்து அதில் இறங்கியது. தலையைச் சாய்த்து மூன்று பேரையும் பார்த்தது. பிறகு இரண்டு, பிறகு ஒரு கூட்டமே, எங்கிருந்து வந்தன என்றே தெரியாமல், கிடந்த பூக்களின் மேல் வந்து உட்கார்ந்து கொத்த ஆரம்பித்தன.