சித்தப்பா சொன்ன வாடகை

வெளிநாட்டு வேலை உறுதியானதும் லிஃப்ட் மெக்கானிக் முதலில் செய்த காரியம், மனைவியோடு உட்கார்ந்து மாதச் செலவுக்குப் பட்டியல் போட்டதுதான். அரிசி, கரண்ட், பஸ், போன் என்று ஒன்று விடவில்லை. தலைவலி மாத்திரைக்குக்கூட ஒரு வரி இருந்தது. வாடகைதான் தெரியவில்லை. வேலை கிடைத்த அதே வெளிநாட்டு ஊரில் பதினோரு வருஷமாக இருக்கும் சொந்தச் சித்தப்பாவைப் போனில் கேட்டான். இங்கே அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் சித்தியும் அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் நானூறு குடுக்கறேன்" என்றார் சித்தப்பா.

அந்த ஊர்க் காசில் நானூறு. சம்பளமோ ஆயிரத்து எண்ணூறு. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மனைவிக்கு அப்போது நாலு மாதம். அவன் முன்னால் போய் வீடு பார்ப்பது, இரண்டு மாதத்தில் அவள் போய்ச் சேருவது, பிள்ளை அங்கேயே பிறப்பது என்று முடிவாயிற்று. ஏழு மாதம் தாண்டினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார்.

போய் இறங்கிய அன்றே குட்டு உடைந்தது. சித்தப்பா நானூறு கொடுப்பது வீட்டுக்கல்ல, கட்டிலுக்கு. ஒரே அறை, மூன்று இரட்டைக் கட்டில், அவனோடு சேர்த்து ஆறு ஆண்கள், வாசலில் ஒரு செருப்பு மலை. அவர் கீழ்க்கட்டில். மேல்கட்டில் காலியாக இருக்கிறது என்று அவனுக்குக் கைகாட்டினார். மனுஷன் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது; கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அவர் தனி வீட்டில் இருப்பதாகச் சித்தி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். வீடியோவில் பேசும்போதெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் அந்த ஒரே சுவர்தான் தெரியும். அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை, பாவிகள்.

ஒற்றை அறை வீடே ஆயிரத்து நானூறு, மூன்று மாத முன்பணம் வேறு. வேலை முடிந்து அவன் அலையாத தெரு இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கப் போன கட்டிடங்களில் எல்லாம் காவலாளியிடம் விசாரித்தான். பட்டியலில் எதைக் குறைத்தாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. இரண்டு மாதம் என்றது மூன்றாகிவிட்டது.

விடுமுறை நாள் காலையில் மனைவி அழைத்தாள். இந்த வாரம் டிக்கெட் எடுக்காவிட்டால் அப்புறம் வரவே முடியாது என்றாள். வீடு அமையவில்லை என்று இழுத்தான்.

"சித்தப்பா இருக்கற மாதிரி ஒண்ணு போதுங்க. எனக்குப் பெரிய வீடெல்லாம் வேணாம்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். அதற்குள் சித்தி போனை வாங்கிவிட்டாள்.

"ஏம்ப்பா, எட்டாவது தாண்டாத மனுஷன் அங்க தனியா ஒரு வீட்டை வச்சு நடத்தறாரு. உனக்கு என்ன வந்துச்சு?"

மேல்கட்டிலிலிருந்து கீழே பார்த்தான். சித்தி குரல் சித்தப்பாவுக்கும் கேட்டிருந்தது. தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எச்சில் கையை மற்றக் கையோடு சேர்த்து அவனைப் பார்த்துக் கும்பிட்டார். சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவனுக்கு அழுகை வந்தது.

"எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல சித்தி. அவ அங்கேயே இருக்கட்டும்."

அங்கே போன் கைமாறியது. பிறகு மனைவியின் குரல் வந்தது.

"நாங்க வர்றது உங்களுக்குப் பிடிக்கலன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்."