மச்சான் ஏறிய ஏணி

புயலில் சிக்கிய பயணிகள் படகை, ஒருவர்கூடச் சாகாமல் கரைசேர்த்த கேப்டனின் கதையைப் படமாக எடுத்திருந்தார்கள். வெளியிடும் முன் அவருக்கும் மனைவிக்கும் மட்டும் போட்டுக் காட்டினார்கள். பாதிப் படத்தில், எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்ததும் எஞ்சின்காரர் ஏணியில் ஏறித் தப்பி ஓடினார். கேப்டனின் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. உண்மையான எஞ்சின்காரர் அவளுடைய அண்ணன். கரை வரும்வரை எஞ்சினை அணையவிடாமல் காத்தவர்.

"கதைக்கு ஒரு கோழை தேவைப்பட்டான்மா. பேரைக்கூட மாத்திட்டோமே" என்றார் இயக்குநர்.

"பேரை மாத்தினா? எஞ்சின் ரூம்ல இருந்தது ஒரே ஒரு ஆளு. ஊருக்கே தெரியும்" என்றாள் அவள்.

வேறு யாரோ சொல்லி மச்சான் காதுக்குப் போவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று கேப்டன் கிளம்பினார். பட்டறையில் மச்சான் ஒரு பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தார் கேப்டன். மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"தண்ணி இடுப்புக்கு வந்ததும் ஏணில பாதி ஏறினேன், மாப்ள. அப்புறம் எறங்கிட்டேன். மேல சுக்கானைப் புடிச்சிட்டிருந்த உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மச்சான் மறுபடி ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

"பயந்தேன்னு காட்டட்டும், தப்பில்ல. ஓடிட்டேன்னு காட்ட வேண்டாம். அவ்வளவுதான்."

கேப்டன் அதை அப்படியே போய்ச் சொன்னார். முதலில் கையை விரித்த இயக்குநர், "பாதியில திரும்பினாரா?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓடுவதைவிட அது நல்ல காட்சி என்று அவருக்கே பட்டது.

எஞ்சின் அறை செட்டை இன்னும் பிரிக்கவில்லை. மச்சானையும் அழைத்தார்கள். நடிகர் நனைந்த சட்டையோடு வந்து, "எறங்கும்போது முகத்தை எப்படி வச்சுக்கணும், அண்ணே?" என்று கேட்டார்.

"முகமா? அங்க யாரு தம்பி பார்த்தா? விளக்கே அணைஞ்சு போச்சு."

நடிகர் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இறங்கினார்.

படம் வந்த அன்று குடும்பத்தோடு போனார்கள். நடு ஏணியில் அந்த முதுகு அசையாமல் நின்றபோது தங்கை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் திரையைப் பார்க்கவில்லை, குனிந்திருந்தார்.

வெளியே வந்ததும் கூட்டம் கேப்டனைச் சூழ்ந்துகொண்டது. மச்சானும் அவர் மகளும் ஒதுங்கி நின்றார்கள்.

"நெஜமாவே ஏறினியாப்பா?"

"ஏறினேன்மா."

"அப்புறம் ஏன் எறங்கின?"

அத்தனை பேரைக் காப்பாற்றத்தான் என்று சொல்லியிருக்கலாம், அவளும் நம்பியிருப்பாள்.

"தெரியலம்மா" என்றார். "காலு எறங்கிடுச்சு."